கணிதப் பேராசிரியை எம்மி நோய்தர் அம்மையார்

பெண்களுக்குக் கல்வி அவசியம் என்பதை நமது சங்கத்தார் மகாநாடுதோறும் தீர்மானமாக நிறைவேற்றி வந்திருக்கின்றனர். அத்தீர்மானங்களின் பயனாக நம் குலத்துச் சிறுமியர் முதலில் பள்ளிக்கும் பின்னர்க் கலாசாலைக்கும் சென்றனர். இன்று அவர்கள் பட்டமும் பதக்கமும் பெற்று நமது ஆண்டு விழா மேடையில் வந்து நிற்பதை நாம் கண்குளிரக் கண்டு மகிழ்கின்றோம். ஆயினும், பட்டம் பெற்ற ஒரு பெண்ணுக்கு அதன்பின் நாம் செய்யத்தக்கது யாது என்னும் வினாவை நம்மில் எழுப்பினோர் மிகச் சிலரே. பதக்கத்தை அணிவித்துக் கைதட்டியவுடன் நமது கடமை முடிந்துவிட்டதாகவே எண்ணி வீடு திரும்புகின்றோம். அவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதை ஜெர்மனி தேசத்துக் கணிதப் பேரறிஞராகிய எம்மி நோய்தர் அம்மையாரின் சரித்திரம் நன்கு விளக்கும். ஆதலின் அதனை நம் அன்பர்கள் பொருட்டுச் சுருக்கி வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள், பவேரியா நாட்டைச் சேர்ந்த எர்லாங்கன் நகரில் யூத குலத்தில் பிறந்தார். தந்தையாரின் முன்னோர் மன்ஹைம் நகரில் இரும்புச் சாமான்கள் மொத்த வியாபாரம் செய்து வந்தவர்கள். தாயார் ஈடா அம்மாள் கொலோன் நகரத்துச் செல்வ வணிகர் குடும்பத்தில் உதித்தவர். தந்தையார் மாக்ஸ் நோய்தரோ, பதினான்காம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் நலிந்தும் மனந்தளராது கற்று, எர்லாங்கன் சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராக விளங்கினார். வணிகத்தில் பொருளீட்டிய குடும்பம், அடுத்த தலைமுறையில் கல்வித் துறையில் புகுந்து பெயர் பெறுவது நம் சமூகத்தார்க்கும் புதிய செய்தியன்று.

நான்கு மக்களுள் எம்மியே மூத்தவர். மற்றை மூவரும் தம்பியர். அவர்களுள் பிரிட்ஸ் என்பாரும் பிற்காலத்தில் கணித அறிஞரானார். அக்காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்கத்தகுவன என்று கருதப்பட்ட பாஷைகளையும், பியானோ வாசித்தலையும், வீட்டு வேலைகளையும் எம்மி கற்றார். நடனமாடுவதில் அவருக்கு விருப்பம் மிகுதி. 1900ஆம் ஆண்டில், பெண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் போதிக்கும் ஆசிரியைக்குரிய அரசாங்கப் பரீட்சையில் சிறப்பாகத் தேறினார். அப்பரீட்சையில் தேறிய பெண்ணுக்கு கௌரவமான உத்தியோகமும் நிலையான ஊதியமும் காத்திருந்தன. எம்மி அவ்வழியிற் செல்லவில்லை. தந்தையாரின் துறையாகிய கணிதத்தைக் கற்பதென்று உறுதி கொண்டார்.

கதவருகே நின்று கற்றமை

உறுதி கொள்ளுதல் எளிது. உள்ளே செல்லுதல் அரிது. பெண்களைச் சேர்த்துக்கொண்டால் சர்வகலாசாலையின் ஒழுங்கு முழுவதும் குலைந்துபோம் என்று எர்லாங்கன் ஆட்சிச் சபையார் 1898ஆம் ஆண்டிலேயே முடிவு கூறியிருந்தனர். எனவே எம்மி மாணவியாகச் சேர இயலாது. ஒவ்வோர் ஆசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டு, வகுப்பில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவே. இரண்டாண்டுகள் இவ்வாறு கேட்டுணர்ந்தபின், 1903ஆம் ஆண்டில் நூரன்பர்க்கு நகரில் நடந்த சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் தேறினார். பின்னர்க் கோட்டிங்கன் சர்வகலாசாலைக்குச் சென்று, உலகப் புகழ் வாய்ந்த டேவிட் ஹில்பர்ட், பெலிக்ஸ் கிளைன், மின்கோவ்ஸ்கி முதலியோரின் சொற்பொழிவுகளைக் கேட்டார்.

1904ஆம் ஆண்டில் எர்லாங்கன் விதி மாறிற்று. பெண்களும் ஆடவரைப்போலப் பெயர் பதிவு செய்துகொண்டு படிக்கலாம் என்றாயிற்று. அச்செய்தி கேட்டு எம்மி தம் ஊருக்கே திரும்பி, அவ்வாண்டு அக்டோபரில் முறைப்படி மாணவியானார். தந்தையாரின் நண்பரும் கணக்கிடுவதில் இணையற்றவருமாகிய பவுல் கோர்டான் என்பாரிடம் ஆராய்ச்சி செய்து, 1907ஆம் ஆண்டு டிசம்பரில் டாக்டர் பட்டத்தை மிக உயர்ந்த பாராட்டுடன் பெற்றார். மூன்று மாறிகளைக் கொண்ட நாற்படிக் கோவைகள் எவ்வாறு உருமாற்றப்படினும் தாம் மாறாது நிற்கும் அளவைகள் முந்நூற்றுக்கு மேற்பட்டனவற்றை அவ்வாராய்ச்சியில் அவர் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு நிரற்படுத்தியிருந்தார். பிறர் வியந்த அந்நூலைப் பிற்காலத்தில் அவர் தாமே மதித்தாரில்லை. கணக்கிட்டுக் குவிப்பதினும் கருத்தை ஊடுருவிக் காண்பதே கணிதம் என்னும் கொள்கைக்கு அவர் பின்னர் வந்து சேர்ந்தமையே அதற்குக் காரணம்.

ஊதியமில்லா ஊழியம்

பட்டம் வந்தது, பதவி வரவில்லை. 1908 முதல் 1915 வரை ஏழாண்டுகள், எர்லாங்கன் கணித நிலையத்தில் அம்மையார் ஒரு காசும் பெறாது உழைத்தார். தந்தையார் உடல் நலிவுற்ற நாட்களில் அவருக்குப் பதிலாக மாணவர்க்குப் பாடம் சொன்னார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். ஜெர்மன் கணித சங்கம் 1909ஆம் ஆண்டில் அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. கோர்டானுக்குப்பின் வந்த எர்ன்ஸ்டு பிஷர் என்னும் ஆசிரியரோடு அளவளாவி, ஹில்பர்ட் வகுத்த புதிய முறையில் அவர் ஆழ்ந்தார். அவர் பெற்ற அறிவு நாளுக்கு நாள் வளர்ந்தது. அவருக்குரிய நாற்காலி மட்டும் எங்கும் இல்லை. தந்தையார் வீட்டு உணவும் குடும்பத்தின் பொருளும் இருந்தமையாலேயே அவ்வேழாண்டுகள் நடந்தேறின என்பதை நம் அன்பர்கள் இங்கே குறித்துக்கொள்வார்களாக.

கோட்டிங்கன் நகரில்

1915ஆம் ஆண்டில் ஹில்பர்ட்டும் கிளைனும் அம்மையாரைக் கோட்டிங்கனுக்கு வருமாறு அழைத்தனர். அப்பொழுது ஐன்ஸ்டைன் தமது சார்புத் தத்துவத்தை விரிவாக்கிக்கொண்டிருந்தார். அதில், சக்தி அழிவதில்லை என்னும் பழைய விதி எவ்வாறு பொருந்தும் என்பது பெருஞ்சிக்கலாயிருந்தது. மாறாது நிற்கும் அளவைகளைப் பற்றிய கணிதத்தில் வல்லவரின் துணை வேண்டியிருந்தமையின் அவரை நாடினர். அம்மையார் சென்ற சில நாட்களுக்குள் தாயார் காலமானார். அத்துயரையும் பொறுத்து அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

சர்வகலாசாலையில் விரிவுரை நிகழ்த்தும் உரிமையை அவருக்கு அளிக்கவேண்டுமென்று ஹில்பர்ட் கேட்டார். கணிதப் பேராசிரியர்கள் பலர் அவருக்குச் சார்பாயிருந்தனர். ஆயின் அவர்களோடு ஒரே குழுவில் அமர்ந்திருந்த மொழிநூலாரும் சரித்திர ஆசிரியரும் எதிர்த்தனர். யுத்தம் முடிந்து திரும்பும் போர்வீரர்கள், ஒரு பெண்ணின் காலடியில் அமர்ந்து பாடங்கேட்க வேண்டுமெனின் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர்தம் கவலை. அவ்வுரிமை ஆடவர்க்கே உரியதென்ற 1908ஆம் ஆண்டு அரசாங்க ஆணையும் அவர்களுக்குத் துணை நின்றது. ஆண் துறை, பெண் துறை என்று பிரித்துவைக்கச் சர்வகலாசாலை நீராடும் இடமன்று என்னும் கருத்துப்பட ஹில்பர்ட் சினந்து விடையிறுத்ததாகக் கூறுவர். அவர் சினம் சபையை அசைக்கவில்லை. எனவே அவர் வேறொரு வழி கண்டார். விரிவுரைகள் ஹில்பர்ட் பெயரால் அறிவிக்கப்பட்டன. துணை செய்பவர் என அம்மையார் பெயர் கீழே குறிக்கப்பட்டது. வகுப்பில் நின்று போதித்தவர் அம்மையார். நான்காண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இந்நிலையிலிருந்துகொண்டுதான் அம்மையார் தமது பெயரால் வழங்கும் பெருந்தேற்றத்தைக் கண்டறிந்தார். அதன் சாரம் யாதெனின், இயற்கை விதிகளில் காணப்படும் இடையறாத சமச்சீர்மை ஒவ்வொன்றிற்கும் ஈடாக, என்றும் மாறாது நிற்கும் ஓர் அளவு உண்டு என்பதாம். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒரே தன்மையனவாயிருத்தலின் சக்தியின் மொத்த அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அவ்விதிகள் இவ்விடத்தும் அவ்விடத்தும் ஒன்றாயிருத்தலின் உந்தம் அழிவதில்லை. எத்திசை நோக்கினும் ஒன்றாயிருத்தலின் சுழற்சியின் அளவு மாறுவதில்லை. தனித்தனி விதிகளென்று உலகம் எண்ணியிருந்தவற்றை ஒரே வேரினின்று எழுந்த கிளைகளென்று அம்மையார் காட்டினார். இன்றளவும் பௌதிக சாஸ்திரிகள் புதிய தத்துவங்களை ஆராயுங்கால் இத்தேற்றத்தையே கைவிளக்காகக் கொள்கின்றனர். 1918ஆம் ஆண்டு ஜூலை மாதம் கோட்டிங்கன் விஞ்ஞானக் கழகத்தில் இக்கட்டுரையைச் சமர்ப்பித்தவர் கிளைன். ஏனெனில் அம்மையார் அக்கழகத்தின் அங்கத்தினரல்லர். பின்னரும் அக்கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ளவேயில்லை.

உரிமையும் ஊதியமும்

யுத்த முடிவில் ஜெர்மனியில் முடியரசு வீழ்ந்து குடியரசு எழுந்தது. பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அப்புதிய காற்றில், 1919ஆம் ஆண்டில் அம்மையாருக்கு விரிவுரை நிகழ்த்தும் உரிமை கிடைத்தது. தம் பெயராலேயே தாம் போதிக்கும் பேறு அவருக்கு முப்பத்தேழாம் வயதில் வாய்த்தது. 1922ஆம் ஆண்டில் பேராசிரியர் என்னும் பட்டப்பெயர் தரப்பட்டது. அதனோடு சம்பளமோ அதிகாரமோ தரப்படவில்லை. 1923ஆம் ஆண்டில்தான், இயற்கணிதம் போதிப்பதற்கென ஒரு சிறு ஊதியம் ஏற்பாடாயிற்று. 1907ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றவர், முதல் ஊதியத்தைக் காணப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார்.

இக்காலத்தில் அவர் இயற்கணிதத்தின் முகத்தையே மாற்றியமைத்தார். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே விதத்திற் பிரிக்கலாம் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின் கணித உலகில் இவ்வொழுங்கு பொய்த்துப்போகும் எண் தொகுதிகளும் உள. அத்தொகுதிகளில் ஒழுங்கை மீட்பதற்கு டெடிகிண்டு முதலிய முன்னோர் பல வழிகளை வகுத்திருந்தனர். அம்மையார் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒன்றையொன்று உள்ளடக்கி மேன்மேலும் பெருகிச் செல்லும் உட்தொகுதிகளின் வரிசை எங்கேனும் ஓரிடத்தில் நின்றே தீரும் என்னும் ஒரே நிபந்தனையை மட்டும் கொண்டு, அவ்வொழுங்கு முழுவதையும் நிலைநாட்டிவிடலாம் என்று காட்டினார். பல பக்கக் கணக்கீடுகள் செய்துவந்ததை ஒரு கருத்து செய்து முடித்தது. அந்நிபந்தனைக்கு உட்பட்ட தொகுதிகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

அவருடைய விரிவுரை விரைவாகச் செல்லும், எளிதில் விளங்காது. ஆனால் விளங்கிக்கொண்ட மாணவர் அவரை விட்டு அகலார். அவர்களோடு அவர் வீதியிலும் சோலையிலும் நடந்துகொண்டே கணிதம் பேசுவார். அவர்களை ஊரார் நோய்தரின் பிள்ளைகள் என்றே அழைத்தனர். ஹாலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் சீனத்திலிருந்தும் அறிஞர் அவரை நாடி வந்தனர். மணஞ்செய்துகொள்ளாத அம்மையார்க்கு அவர்களே குடும்பமாயினர். தம் மனத்தில் உதித்த கருத்துக்களை மாணவர்க்கு வாரி வழங்கி, அவர்கள் தத்தம் பெயரால் வெளியிடுவதைக் கண்டு மகிழ்ந்தார். ஹாலந்து தேசத்து வான் டெர் வார்டன் என்பார், அம்மையாரும் எமில் ஆர்ட்டினும் நிகழ்த்திய விரிவுரைகளைத் தழுவி எழுதிய நவீன இயற்கணித நூல் 1930, 1931ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அந்நூலின் வழியாக அம்மையாரின் முறை உலகெங்கும் பரவிற்று.

1932ஆம் ஆண்டில் அவருக்கும் ஆர்ட்டினுக்கும் சேர்த்துக் கணிதப் பரிசொன்று அளிக்கப்பட்டது. அவ்வாண்டே சூரிச் நகரில் கூடிய அகில உலகக் கணித மகாநாட்டில், பேரவை முழுவதற்குமாக அவர் பேருரை நிகழ்த்தினார். அவ்வாறு அழைக்கப்பெற்ற முதற்பெண் அவரே. ஆயினும் கோட்டிங்கன் அவரை முழுப் பேராசிரியராக்கவில்லை. 1930ஆம் ஆண்டில் ஹில்பர்ட்டின் இடத்திற்கு வந்த ஹெர்மன் வைல், அம்மையாருக்கு மேற்பதவி பெற்றுத்தர முயன்று தோற்றார். தம்மினும் பல வகையில் மேம்பட்ட ஒருவரின் அருகே தாம் உயர்ந்த பதவியில் அமர்ந்திருத்தற்கு நாணியதாக அப்பெரியார் பின்னர் வெளிப்படையாகவே கூறினார்.

பிரிவும் மறைவும்

1933ஆம் ஆண்டு ஜெர்மனியில் நாஜிக் கட்சியார் ஆட்சியைக் கைப்பற்றினர். யூத குலத்தவரை அரசாங்கப் பதவிகளினின்று நீக்கும் சட்டம் ஏப்ரல் மாதத்தில் பிறந்தது. அம்மாத இறுதியிலேயே கோட்டிங்கனில் முதன்முதலாக விலக்கப்பட்ட சிலருள் அம்மையாரும் ஒருவர். பதினாறு ஆண்டு காத்திருந்து பெற்ற ஊதியம் பத்தாண்டிற் பறிபோயிற்று. அவர் கலங்கவில்லை, மாணவரைத் தம் வீட்டிற்கு வரவழைத்துப் பாடஞ் சொன்னார். அவர்களுள் ஒருவன் நாஜிப் படையினரின் பழுப்புச் சட்டை அணிந்தே வந்தான். அவனையும் அவர் வெறுத்தாரில்லை. கணிதம் கற்க வந்தவன் என்ற அளவில் ஏற்றுக்கொண்டார். எல்லாரும் அஞ்சியிருந்த அக்காலத்தில் அவருடைய அமைதியும் துணிவும் நண்பர்க்குப் பேராறுதலாயிருந்தனவென்று வைல் எழுதியிருக்கின்றார்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்திலுள்ள பிரின் மார் என்னும் பெண்கள் கலாசாலை அவரை அழைத்தது. ராக்பெல்லர் நிதியின் உதவியோடு 1933ஆம் ஆண்டு இறுதியில் அங்குச் சேர்ந்தார். அங்குக் கணிதப் பகுதியின் தலைவரும் ஒரு பெண்மணியே. அன்னா வீலர் என்னும் அவர் கோட்டிங்கனிற் கற்றவர். பெண்கள் ஆசிரியைகளாயிருத்தலை வியப்பாகக் கருதாத இடத்தில் அம்மையார் வாழ்ந்தது அதுவே முதன்முறை. பிரின்ஸ்டன் நகரத்து உயர் ஆராய்ச்சி நிலையத்திற்கும் வாரந்தோறும் சென்று விரிவுரை நிகழ்த்தினார். இந்நல்வாழ்வு இரண்டாண்டும் நிரம்பவில்லை. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அறுவைச் சிகிச்சைக்குப்பின் எதிர்பாராத வகையில் நோய் முற்றி, 14ஆம் நாள் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவரது அஸ்தி பிரின் மார் கலாசாலை நூல்நிலையத்தின் நடைவழியின்கீழ் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளது. ஐன்ஸ்டைன் அவர் பெருமையை விளக்கிப் பத்திரிகைக்கு எழுதினார். தம்பியார் பிரிட்ஸ் ரஷ்யா சென்று தஞ்சம் புகுந்தார். அங்கும் பழி சுமத்தப்பட்டு 1941ஆம் ஆண்டிற் கொல்லப்பட்டார்.

நாம் கொள்ளத்தக்கது

ஊதியமின்றியே அம்மையார் இத்துணைப் பெருமை எய்தினாரன்றோ, மெய்யறிவுடையார்க்குப் பணம் எதற்கு என்று கேட்பாரும் நம்மிடை இருக்கலாம். அவர்களுக்கு நமது விடை இது. அம்மையார் பேராசிரியரின் மகளாய்ப் பிறந்தார். வீட்டிலேயே ஆசானும், உண்ண உணவும், ஆதரிக்கப் பொருளும் இருந்தன. அவரைப்போன்ற அறிவு படைத்து, அவருக்கிருந்த வீடு வாய்க்காத பெண்கள் அக்காலத்தில் இருந்திருப்பின், அவர்கள் பெயரை நாம் எங்ஙனம் அறிவோம்? பாலைவனத்தில் ஒரு மரம் தழைத்ததென்று கண்டு, மரத்திற்கு நீர் வேண்டுவதில்லை என்று சொல்வார் உண்டோ?

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. அம்மையாரைக் கோட்டிங்கனில் புகழாதார் சிலரே. பட்டம் தந்தனர், பாராட்டினர், பேராசிரியர் என்ற பெயரையும் சூட்டினர். கைப்பொருள் செலவாகும் இடம் வந்தபொழுதுதான் கை சுருங்கிற்று. இன்று அத்தேசத்தார் அப்பிழையை உணர்ந்தனர் போலும். இளம் ஆராய்ச்சியாளர் தாமே ஒரு குழுவைத் தலைமை தாங்கி நடத்தும் வண்ணம் பல ஆண்டுகளுக்கு ஊதியமும் பொருளும் அளிக்கும் ஜெர்மன் ஆராய்ச்சி நிதித் திட்டம் ஒன்றிற்கு எம்மி நோய்தர் என்றே பெயர் சூட்டியுள்ளனர். அவருக்கு மறுக்கப்பட்டது எதுவோ அதுவே அவர் பெயரால் வழங்கப்படுகின்றது. இறந்தார்க்குச் செய்யும் மரியாதையில் இதனினும் பொருத்தமானது வேறில்லை.

நம் சங்கத்தின் கல்வி நிதி, பரீட்சையில் தேறியவர்க்குப் பரிசளிப்பதோடு நிற்கின்றது. பட்டம் பெற்றபின் மேலும் ஆராய விரும்பும் நம் குலப் பெண்ணுக்கு மூன்றாண்டோ நான்காண்டோ உபகாரச் சம்பளம் அளிக்க அந்நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குதல் நிர்வாகக் கமிட்டியார்க்கு இயலாத காரியமன்று. ஒரு வருஷ விழாவின் பந்தற்செலவைக் குறைத்தாலும் ஒரு பெண்ணின் ஒரு வருஷப் படிப்பிற்கு அது கைகொடுக்கும். பெற்றோரும் தம் மகள் பட்டம் பெற்ற மறுநாளே புத்தகத்தை மூடிவைக்குமாறு வற்புறுத்தாது, அவள் விருப்பம் யாதெனக் கேட்டறிதல் வேண்டும். மாக்ஸ் நோய்தரும் ஈடா அம்மாளும் தம் மகளுக்குச் செய்த பேருதவி, அவள் நிலையான உத்தியோகத்தை விட்டுக் கணிதத்தை நாடியபொழுது குறுக்கே நில்லாமையும், அவளைத் தாங்கி நின்றமையுமேயாம். அத்தகைய பெற்றோர் வாய்க்காத பெண்ணுக்குச் சமூகமே பெற்றோராக நிற்றல் வேண்டும். சங்கம் என்று ஒன்று இருப்பதன் பயனும் அதுவேயன்றோ?

வரும் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து ஒரு முடிவு செய்வார்களென நம்புகின்றோம். நம் குலத்துப் பெண்மக்கள் அறிவாலும் ஊக்கத்தாலும் ஓங்கவும், அவர்தம் உழைப்பு உரிய காலத்தே உரிய பயனைப் பெறவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.